அதே பட்டம், வேறு நேரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ கல்வெட்டோ பேசுபொருளாக இருப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு இயந்திரப் பொறியியல் கற்பிக்கும் ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். பட்டறை வைத்துப் பிழைத்த ஒருவர் தம் உழைப்பில் சேர்த்ததைக் கல்விக்கென்று எழுதிவைத்துப் போன அறக்கட்டளை இது. அதனால் பட்டறையிலிருந்து கல்லூரிக்கு வருபவர்களைப் பற்றியே பேசுவது பொருத்தம் என்று நினைத்தேன்.

என் ஆசிரியப் பணியின் பெரும்பகுதி கோவையில் மாலை வகுப்புகளில் கழிந்தது. முப்பது, முப்பத்தைந்து வயதில், சில சமயம் அதற்கும் மேல், மனைவி மக்களோடு இருக்கிற ஒருவர் வந்து கேட்பார்: “சார், டிப்ளமோ முடிச்சுப் பத்து வருசம் ஆச்சு. இப்ப பி.இ. படிக்கலாமா? எதுல சேர்ந்தா நல்லது?” இந்தக் கேள்விக்கு அவசரத்தில் சொல்லப்படும் பதில் ஒரு குடும்பத்தின் நான்கைந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டுவிடும். அதனால் இன்று அந்தக் கேள்வியை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வயது கடந்து, வேலையில் இருந்துகொண்டு பொறியியல் படிக்க வருபவருக்கு வேறு நேரம் தேவை. வேறு பட்டம் தேவையில்லை. அவருக்கென்று தனியாக ஒரு பட்டத்தை உருவாக்கிய இடங்களிலெல்லாம் அது நல்லெண்ணத்தோடுதான் செய்யப்பட்டது. ஆனாலும் அதன் விலையை அவரே கொடுக்க நேர்ந்தது. அதே பட்டத்தை அவருக்கு ஒத்துவரும் நேரத்தில் கொடுத்த இடங்களில் அவர் மற்றவர்களுக்குச் சமமாக நின்றார்.

1. வரும்போதே கையில் இருப்பது

100 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட் ஒன்றை லேத்தில் கடைந்து முடித்த கையோடு அளந்தால் என்ன ஆகும்? வெட்டிய சூட்டில் அந்த ஜாப், அளக்கும் மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கலாம். ஒரு மீட்டர் நீள எஃகு, ஒரு டிகிரிச் சூட்டுக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் விரியும். 100 மி.மீ.க்கு 20 டிகிரி என்றால் 24 மைக்ரான். அந்த ஷாஃப்டுக்கு வரைபடத்தில் எச்-6 என்று குறித்திருந்தால், அனுமதிக்கப்பட்ட மொத்த வேறுபாடே 22 மைக்ரான்தான். சூட்டோடு அளந்து, அளவு சரியென்று இறக்கிவைத்த ஜாப் ஆறியதும் குறைந்துபோய் ரிஜெக்ட் ஆகிவிடும்.

பகல் வகுப்பில் இதை வெப்ப விரிவுக் கெழு என்ற தலைப்பில் கணக்காகப் போட்டுக் காட்டுவேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மாலை வகுப்பில் நான் பேச ஆரம்பிக்கும்போதே பின்வரிசையிலிருந்து குரல் வரும்: “சூட்டோட அளந்தா ஏமாத்திப்போடுமுங்க சார். ஆறவெச்சுத்தான் மைக்ரோமீட்டர் போடோணும்.” அவருக்கு விரிவுக் கெழு தெரியாது. ஆனால் அந்த அறிவின் பலன் அவர் கையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. எத்தனை ஜாப்பைப் பாழாக்கி, எத்தனை முறை மேஸ்திரியிடம் திட்டு வாங்கி அதைச் சம்பாதித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இது ஓர் உதாரணம்தான். வெட்டும் சத்தம் மாறினால் டூல் மழுங்கிவிட்டது என்று அறிவது, சக்கில் பிடிக்கும்போதே மெல்லிய சுவருள்ள ஜாப் நசுங்கிவிடும் என்று உணர்வது, வரைபடத்தில் இருப்பதை இந்த மெஷினில் செய்ய முடியாது என்று முன்கூட்டியே சொல்வது, இவை எவற்றுக்கும் நம் நுழைவு விதிகளில் மதிப்பெண் கிடையாது. பணி அனுபவச் சான்றிதழ் கேட்கிறோம். எத்தனை ஆண்டுகள் என்று பார்த்துக் கோப்பில் செருகிவிடுகிறோம். அதன் பிறகு செய்முறைப் பாடங்களைப் பதினேழு வயதுப் பையனுக்குத் தொடங்கும் இடத்திலேயே இவருக்கும் தொடங்குகிறோம். ஒர்க்‌ஷாப் பயிற்சி வகுப்பில், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் படித்து, பிறகு பத்தாண்டு அதே வேலை பார்த்தவர், ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக அரத்தால் ராவிக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த மூன்று மணி நேரம் அவர் தூக்கத்திலிருந்து எடுக்கப்படும் நேரம் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

2. கையில் இல்லாதது

அதற்காக அவருக்கு எல்லாம் தெரியும் என்று புகழ்ந்து அனுப்பிவிடுவதும் அவருக்குச் செய்யும் அநீதி. அவர் எதற்காகக் கல்லூரிக்கு வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த மாணவர் ஒருவர், உடைந்த பம்ப் ஷாஃப்ட் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி வகுப்புக்கு எடுத்து வந்தார். பேரிங் உட்காரும் இடத்தில், விட்டம் மாறும் ஷோல்டரில் துல்லியமாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்து விளக்கின் கீழே பிடித்தோம். விளிம்பில் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் பரவிய வரிவரியான வளைவுகள். அவற்றுக்கு அப்பால், கடைசியாக ஒரே நொடியில் பிய்ந்த சொரசொரப்பான பகுதி. ஒரே நாளில் உடைந்த ஷாஃப்ட் அல்ல அது. லட்சக்கணக்கான சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் வளர்ந்து முறிந்தது. மூலையில் ரேடியஸ் கொடுக்காமல் கூர்மையாக விட்டிருந்தார்கள்.

“மூலையைக் கூர்மையா விடாதேன்னு நான் டர்னர்கிட்ட எப்பவும் சொல்லுவேனுங்க” என்றார் அவர். சொல்லத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு ரேடியஸ் என்று கேட்டால் பதில் இல்லை. அரை மில்லியா, இரண்டு மில்லியா? அரை மில்லி வைத்தால் அந்த இடத்தில் தகைவு எத்தனை மடங்கு ஏறும்? இரண்டு மில்லி வைத்தால் பேரிங் ஷோல்டரோடு ஒட்டி உட்காருமா? எத்தனை கோடிச் சுற்று தாங்கும்? இந்த இடத்தில்தான் கல்லூரி அவருக்குத் தேவைப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்துகொண்டிருந்தபோது, அகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானிய ரயில்வேப் பொறியாளர் அச்சுகளைத் திரும்பத் திரும்பச் சுழற்றி, வளைத்துச் சோதித்து, சுமைக்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தார். ரயில்வே பட்டறையில் எழுந்த கேள்விக்குக் கணக்கில் கிடைத்த விடை அது.

அடுத்த சில வாரங்களில் அந்த மாணவர் தகைவுச் செறிவு அட்டவணையைப் பார்க்கக் கற்றுக்கொண்டு, தம் கம்பெனி ஷாஃப்டுக்குத் தாமே கணக்குப் போட்டார். முன்பு அவர் சொன்னது ஃபிட்டரின் அபிப்பிராயமாக இருந்தது. இப்போது அதை அறிக்கையாக எழுதி, வரைபடத்தை மாற்றச் சொல்லி டிசைன் பிரிவிடம் நிற்க முடிந்தது. கணக்கு அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்தது. ஆகவே வேலை தெரிந்தவர்களுக்குக் கணக்கைக் குறைத்து, செய்முறையைக் கூட்டிப் பாடத்திட்டம் வகுப்பது கருணை போலத் தோன்றினாலும், அவரிடம் ஏற்கெனவே இருப்பதையே திரும்பக் கொடுத்து, இல்லாததைக் கொடுக்காமல் விடுவதுதான்.

கணக்கைக் கண்டு அவர்கள் அஞ்சுவது உண்மை. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்களுக்கு எதிரே நிற்பது ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும். முதலாண்டுக் கணிதம் படிக்காமலேயே அங்கே வந்து நிற்கிறார்கள். அரியர் அங்கேதான் விழுகிறது. சேருவதற்கு முன் மூன்று மாதம் நுண்கணிதத்தை அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தால் இந்த அரியரில் பெரும்பகுதி இருக்காது. மூளைக் குறைவென்று இதைப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயிற்சி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

3. அமெரிக்கா இரண்டாகப் பிரித்தது

தனிப் பட்டம் என்ற யோசனை எங்கே பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது என்று பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் ‘மெக்கானிக்கல் இன்ஜினியரிங்’ என்றும் ‘மெக்கானிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி’ என்றும் இரண்டு நான்காண்டுப் பட்டங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்களில் பலர் இரண்டாவதன் பக்கம் திரும்புகிறார்கள். மாலை வகுப்பும் இணையவழி வகுப்பும் அதில் எளிதாகக் கிடைப்பதும், ஆய்வகப் பயிற்சி கூடுதலாக இருப்பதும், இரண்டாண்டு சமுதாயக் கல்லூரியில் படித்தது வீணாகாமல் சேர்வதும் காரணங்கள்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் போன்ற கருவிகளை உருவாக்குவதில் இயற்பியலாளர்கள் முன்னால் நின்றார்கள். பொறியாளர்களுக்கு அடிப்படை அறிவியல் போதவில்லை என்ற கவலை எழுந்தது. பொறியியல் கல்விச் சங்கம் கிரின்டர் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1955இல் வந்த அதன் அறிக்கை, பொறியியல் பாடத்திட்டத்தை அறிவியலையும் கணிதத்தையும் நோக்கி நகர்த்தியது. இரண்டு வகைப் பொறியியல் பட்டங்கள் வைக்கலாம் என்ற யோசனை அக்குழுவின் முதற்கட்ட வரைவில் இருந்தது. கல்லூரிகள் அதை ஏற்கவில்லை. ஆனால் பிரிவினை வேறு வழியாக வந்தது. பட்டறையும் வரைபடமும் பொறியியல் பாடத்திட்டத்திலிருந்து ஒதுங்க ஒதுங்க, அந்த இடத்தை நிரப்ப 1960களில் ‘இன்ஜினியரிங் டெக்னாலஜி’ நான்காண்டுப் பட்டமாக வளர்ந்தது. இன்று ஏபெட் என்ற தரச்சான்று அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனி ஆணையங்கள் உள்ளன.

படிப்பாகப் பார்த்தால் அது நல்ல படிப்பு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உற்பத்தி, தரக் கட்டுப்பாடு, டூலிங், சோதனை ஆகிய துறைகளில் அங்கே இரண்டு பட்டதாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். பல கம்பெனிகள் இருவரையும் இன்ஜினியர் என்றே எடுக்கின்றன. சிக்கல் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் தொடங்குகிறது. பொதுமக்களுக்கான வேலைகளின் வரைபடங்களில் பொறுப்பேற்றுக் கையெழுத்திட ‘புரொஃபஷனல் இன்ஜினியர்’ உரிமம் வேண்டும். அதை மாநிலங்கள் வழங்குகின்றன. டெக்னாலஜி பட்டத்தைச் சில மாநிலங்கள் கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்டு ஏற்கின்றன. சில மாநிலங்கள் ஏற்பதே இல்லை. மத்திய அரசின் பொறியாளர் பணிகளுக்கும் அந்தப் பட்டம் மட்டும் போதாது. தகுதித் தேர்வு எழுதியோ, குறிப்பிட்ட பாடங்களைப் படித்ததாகக் காட்டியோதான் நுழைய வேண்டும். முப்பத்தைந்து வயதில் சேர்ந்து நாற்பதில் பட்டம் வாங்கி, நாற்பத்திரண்டில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு இது தெரியவந்தால் அவர் என்ன செய்வார்?

உலக அளவிலும் இந்தப் பிரிவு எழுத்தில் இருக்கிறது. பொறியாளர் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாடு 1989இல் ஏற்பட்டது. டெக்னாலஜிஸ்டுகளுக்கான சிட்னி உடன்பாடு 2001இல் வந்தது, டெக்னீஷியன்களுக்கான டப்ளின் உடன்பாடு 2002இல். இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்பாட்டின் முழு உறுப்பினரானது. எந்த உடன்பாட்டின் கீழ் வரும் படிப்பு என்பதே நாடு விட்டு நாடு போகும்போது பட்டத்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது.

இதே அமெரிக்காவில் இந்தப் பிரிவினைக்கு முன்னே நடந்த இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமான சான்று. போர் முடியும் தறுவாயில், 1944இல், திரும்பி வரும் படைவீரர்களுக்கான சட்டம் வந்தது. கல்விக் கட்டணத்தையும் பிழைப்புக்கான தொகையையும் அரசே கொடுத்தது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் அதன் வழியாகக் கல்லூரிக்குப் போனார்கள். 1947இல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் படைவீரர்கள். வயதில் மூத்தவர்கள், மணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள். அவர்களுக்கென்று யாரும் தனிப் பட்டம் வகுக்கவில்லை. வளாகத்தில் குடும்பங்களுக்குத் தற்காலிக வீடுகள் போட்டார்கள். வகுப்பு நேரங்களைக் கூட்டினார்கள். பட்டம் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே பட்டம். வயது வந்தவர்கள் படிப்பின் தரத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் நன்றாகவே படித்தார்கள்.

4. நம் நாட்டில் அடைபட்ட வழிகள்

நம் தொழிலாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தது ஏ.எம்.ஐ.இ. தேர்வை. 1920இல் தொடங்கி 1935இல் அரச சாசனம் பெற்ற இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திய தேர்வு அது. கல்லூரிக்கே போகாமல், வேலை பார்த்துக்கொண்டே, வீட்டில் படித்து ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டையும் முடித்தால் பொறியியல் பட்டத்துக்கு இணையாக ஏற்றார்கள். கடினமான தேர்வு. முடித்தவர்களை எல்லாரும் மரியாதையோடு பார்த்தார்கள். பிறகு அந்த இணைத்தகுதி 31.5.2013 வரை பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று ஆனது. அந்தத் தேதிக்குப் பின் பதிவு செய்தவர் அதே புத்தகத்தைப் படித்து அதே தேர்வை எழுதினாலும், அரசு வேலைக்கு அது முன்போலப் பயன்படவில்லை.

அஞ்சல் வழிப் பொறியியலின் கதை இன்னும் வேதனையானது. 2000க்குப் பின், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில தொலைநிலைக் கல்வியில் பி.டெக். கொடுத்தன. டிப்ளமோ முடித்து அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் இருந்தவர்கள், பதவி உயர்வுக்காக அதில் சேர்ந்தார்கள். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் அப்படிக் கொடுத்த பட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவர்கள் கல்விக் குழு நடத்தும் தேர்வை எழுதித் தேறினால் பட்டம் நிற்கும் என்றது தீர்ப்பு. அதன் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அந்தப் பட்டத்தால் கிடைத்த பதவி உயர்வும் கேள்விக்கு உள்ளானது.

தீர்ப்பு சரி. லேப் பார்க்காமல் பொறியியல் கற்க முடியாது. ஆனால் அவர்கள் குறுக்கு வழி தேடியவர்கள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வேலையை விடாமல் படிக்க அவர்கள் ஊரில் வேறு வழி இல்லை. முறையான கல்லூரி அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை. நேரம் கொடுப்பதாகச் சொன்ன இடத்துக்குப் போனார்கள். பத்து மணிக்குத் திறந்து நாலரைக்குப் பூட்டும் கல்லூரிகளான நமக்கும் அந்த இழப்பில் பங்கு உண்டு.

5. மாலை வகுப்பு

தமிழ்நாடு செய்த நல்ல காரியம், பகுதிநேர பி.இ. கோவையில் தடாகம் சாலையிலுள்ள அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பீளமேட்டில் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., வெளியூர்களில் சேலம், திருநெல்வேலி, காரைக்குடி போன்ற இடங்களின் கல்லூரிகள் இதை நடத்தி வந்திருக்கின்றன. டிப்ளமோவும் பணி அனுபவமும் உள்ளவர், மாலையில் ஏழு பருவங்கள் படித்து பி.இ. வாங்கலாம். இதன் சிறப்பே பட்டத்தின் பெயரில் ‘மாலை’ என்றோ ‘டெக்னாலஜி’ என்றோ ஒரு வால் சேர்க்காததுதான். அதே பேராசிரியர்கள், அதே ஆய்வகம். 2023-24 கல்வியாண்டு முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும், பணிபுரிவோருக்கு ஒத்துவரும் நேரங்களில் பொறியியல் வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு வழி செய்திருக்கிறது.

இந்த ஊரில் இதைப் பேசும்போது ஜி.டி. நாயுடுவைக் குறிப்பிடாமல் போக முடியாது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கமான ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி 1945இல் அவர் முயற்சியில் உருவானது. முதல்வராகவும் இருந்தார். பள்ளிப்படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டவர், கலங்கல் கிராமத்திலிருந்து வந்து பஸ் ஓட்டி, மோட்டார் செய்தவர். பொறியியலுக்கு நான்காண்டு என்பது மாணவர்களின் காலத்தை வீணாக்குவது என்று வாதிட்டார். அது ஏற்கப்படாததால் விலகினார். படிப்பைச் சுருக்கலாம் என்பதில் நான் அவரோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. ஷாஃப்டைப் பற்றிச் சொன்னேனே, அந்தக் கணக்கு அவசரத்தில் வராது. ஆனால் ஒருவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பக் கற்பித்து அவர் காலத்தை எடுக்காதே என்ற அவர் வாதம், பட்டறையிலிருந்து வருகிறவர் விஷயத்தில் முற்றிலும் சரி.

மாலை வகுப்பின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது ஷிஃப்ட். காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் ஆறு என்று வாரத்துக்கு வாரம் சுழலும் வேலையில் இருப்பவருக்கு, இரண்டாம் ஷிஃப்ட் வாரம் முழுதும் வகுப்பு போய்விடும். மூன்று வாரத்தில் ஒரு வாரம் போனால் வருகைப் பதிவு 75 விழுக்காட்டை எட்டாது. கூட வேலை செய்பவரிடம் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்காக வேலை பார்த்து ஈடுசெய்தவர்களை எனக்குத் தெரியும். கம்பெனியில் ஷிஃப்ட் பட்டியல் போடுகிறவர் மனம் வைத்தால் தீரும் விஷயம், ஒரு மனிதரின் பட்டத்தையே தடுக்கிறது.

இரண்டாவது, பெண்கள். இயந்திரவியல் டிப்ளமோ படித்த பெண்கள் இன்று தரக் கட்டுப்பாட்டிலும் டிசைன் பிரிவிலும் இருக்கிறார்கள். மாலை வகுப்பில் அவர்கள் மிகக் குறைவு. ஆறு மணி என்பது ஆணுக்கு வேலை முடிந்த நேரம். அவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த வேலை தொடங்கும் நேரம். வகுப்பு முடிந்து ஒன்பது மணிக்கு மேல் சிங்காநல்லூருக்கோ துடியலூருக்கோ பஸ் பிடிக்க வேண்டும். ‘வேறு நேரம்’ என்று நான் சொல்வது மாலை ஆறு மணியை மட்டும் அல்ல. வார இறுதி வகுப்பும் வேண்டும். கோட்பாட்டுப் பாடங்களில் ஒரு பகுதியைப் பதிவு செய்து வீட்டிலிருந்தே பார்க்கவும் வழி வேண்டும். ஆய்வகத்துக்கு மட்டும் நேரில் வரட்டும்.

ஜெர்மனியில் இதை இன்னொரு கோணத்தில் தீர்த்திருக்கிறார்கள். தொழிலில் தேர்ந்து ‘மைஸ்டர்’ சான்று பெற்றவரையும் இளநிலைப் பட்டதாரியையும் அங்கே தேசியத் தகுதிச் சட்டகத்தின் ஒரே படியில், ஆறாம் படியில், வைத்திருக்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்வு எழுதாத மைஸ்டர்களும் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று 2009இல் மாநிலங்கள் முடிவு செய்தன. பட்டறையில் கற்றது கல்லூரியில் கற்றதற்குத் தாழ்ந்ததல்ல என்பதை அங்கே விதியாகவே எழுதியிருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் அந்த எண்ணம் இன்னும் வேர்பிடிக்கவில்லை.

6. சேருவதற்கு முன்

முதல் ஷிஃப்டை முடித்துவிட்டு இங்கே வந்திருக்கும் நண்பர்களுக்கு நேரடியாகச் சில வார்த்தைகள்.

கல்லூரியின் விளம்பரத்தைப் படிப்பதற்கு முன், நீங்கள் போக விரும்பும் வேலையின் விதியைப் படியுங்கள். மின்வாரியமா, ரயில்வேயா, உங்கள் கம்பெனியிலேயே அடுத்த பதவியா? அந்த அறிவிப்பில் கல்வித் தகுதி என்ன வாசகத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அந்த வாசகத்துக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கல்விக் குழுவின் ஒப்புதல் அந்தக் கல்லூரிக்கு மட்டும் இருக்கிறதா, நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கும் அந்த முறைக்கும் இருக்கிறதா என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். அஞ்சல் வழியில் சேர்ந்தவர்கள் பலருக்கு யாரும் இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

வெளிநாடு போகும் எண்ணமுள்ளவர்கள், போகும் நாட்டில் எந்தப் பட்டம் எந்த உரிமத்துக்கு வழிவிடும் என்பதை முதலில் அறியுங்கள். அமெரிக்காவிலேயே குடியேறி, அங்கே கையில் ஒரு வேலையும் இருந்து, அதே உற்பத்தித் துறையில் மேலே போனால் போதும் என்று நினைப்பவருக்கு டெக்னாலஜி பட்டம் நல்ல தேர்வாகவே இருக்கலாம். உரிமமும் அரசுப் பணியும் தேவைப்படலாம் என்ற சிறு எண்ணம் இருந்தாலும், கணக்கைக் கண்டு ஒதுங்காமல் பொறியியல் பட்டத்திலேயே சேருங்கள். முன்னதிலிருந்து பின்னதற்கு நடுவில் மாறுவது கடினம். கணிதப் பாடங்களை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பேசுங்கள். மூன்றரை ஆண்டு மாலைப் பொழுது உங்களுடையது மட்டும் அல்ல. பிள்ளையின் வீட்டுப்பாடத்தை யார் பார்ப்பது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று முன்பே பேசித் தீர்த்துக்கொண்டவர்கள்தான் கடைசிப் பருவம் வரை வந்தார்கள். பரீட்சையில் தோற்று நின்றவர்களைவிட, வீட்டில் ஓர் உடல்நலக் குறைவு வந்து நின்றவர்களே அதிகம் என்பது நான் கண்டது.

7. கல்லூரிகளுக்கும் கம்பெனிகளுக்கும்

கல்லூரிகள் மூன்று காரியங்களை உடனே செய்யலாம். பணி அனுபவம் உள்ளவர்களுக்கு ஒர்க்‌ஷாப், உற்பத்தி ஆய்வகம் ஆகிய பாடங்களில் முதல் வாரமே செய்முறைத் தேர்வு வையுங்கள். தேறினால் அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைக் கொடுத்து, அந்த நேரத்தைக் கணக்கு வகுப்புக்கு மாற்றிவிடுங்கள். சேர்க்கைக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடையில் நுண்கணிதத்துக்குக் கட்டணமில்லாத ஆயத்த வகுப்பு நடத்துங்கள். இறுதியாண்டு புராஜெக்டை மாணவர் தம் பட்டறையிலிருந்தே கொண்டுவரட்டும். ரிஜெக்ட் ஆகும் ஜாப், அடிக்கடி உடையும் ஷாஃப்ட், அதிகம் மின்சாரம் இழுக்கும் மோட்டார், இவற்றைவிட நல்ல ஆய்வுப் பொருளை எந்தப் பேராசிரியராலும் கொடுக்க முடியாது.

கம்பெனி முதலாளிகளிடம் கேட்பது அதைவிட எளிது. படிக்கும் தொழிலாளிக்கு வகுப்பு நடக்கும் மாதங்களில் முதல் ஷிஃப்டை நிரந்தரமாகக் கொடுங்கள். தேர்வு வாரத்தில் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். படித்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார் என்று தயங்குகிறீர்கள். போகாமலிருக்க, பட்டம் வாங்கிய மாதமே அவருடைய பதவியையும் சம்பளத்தையும் திருத்தி எழுதுங்கள்.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, அடுத்த ஆண்டிலிருந்து அந்த ஆயத்தக் கணித வகுப்பை நீங்களே தொடங்கலாம். ஞாயிறு காலை, ஓர் அறை, ஒரு கரும்பலகை போதும். முதல் தொகுதிக்குப் பாடம் எடுக்க நான் வருகிறேன்.